கன்னத்துக்குப் பின்னால்

போலந்து, வூட்ஜ் நகரின் கிழக்கோரம்.
எங்கள் எட்டுமாடிக்கு
தெர்மோகோல் சட்டை மாட்டிய ஆண்டு
கணப்புக் கட்டணம் பாதியானது.
மே மாதம் உழவாரக் குருவிகள் வந்தன,
ஆப்பிரிக்காவிலிருந்து நேராக,
போன வருடத்து ஓட்டையை நோக்கி
அதே வேகத்தில்.

சுவரில் ஓட்டை இல்லை.

ஏழாம் மாடி போகுமிலா
கீழே கிடந்தவற்றைக் காலணிப் பெட்டியில் எடுத்துவந்து
குடியிருப்போர் கூட்டத்தில்
வரவு செலவுத் தாளின் மேலேயே வைத்தாள்.
ஒன்பது.
பொருளாளர் இரெனேயுஷ்
பெட்டிக்கடியிலிருந்து தாளை மெல்ல உருவிக்கொண்டார்.

சுவரில் கூடு பதிக்கலாம் என்றார்கள், சரி.
வெறும் ஓட்டை அசிங்கம் என்றார்கள், அதுவும் சரி.
படம் வரைந்து மறைப்போம் என்றதும்தான்
ஆளுக்கொரு படம்.
கழுகு என்றான் ஒருவன்.
கால்பந்துக் குழுவின் சின்னம் என்றான் அவன் தம்பி.
மூடிய நூற்பாலையின் புகைபோக்கியைக் கேட்டவள்
அதில் வேலை பார்த்தவள்கூட இல்லை.
ஓவியன் ஒலேஷ் எதையும் குறித்துக்கொள்ளவில்லை.
மேசையில் தாடையை ஊன்றிச் சலித்துக் கிடந்த
இரண்டாம் மாடி யாகோடாவையே பார்த்திருந்தான்:
மூக்கின் இருபுறமும்
தவிடு தெளித்தாற்போல் புள்ளிகள்.
"எத்தனை ஓட்டை வேண்டும்?"
"இருபத்திரண்டு."
எண்ணத் தொடங்கினான். அவள் நாக்கை நீட்டினாள்.

நான் எதிர்த்துக் கை தூக்கினேன்.
இரவு டிராம் ஓட்டுகிறவன்.
விடிந்தால்தான் எனக்கு இரவு.
அந்நேரத்தில் ஒலிபெருக்கி வைத்து
உழவாரன் குரலைப் போடுவார்களாம்,
இங்கே வீடு காலி என்று
பறவை மொழியில் விளம்பரம்.

தூக்கு ஏணிக்கு இரண்டு நாள் வாடகை,
அதில் ஒரு நாள் மழை தின்றது.
மறுநாள் கட்டடமே சுவரில் தொங்கியது.
புருவத்தை ஒரு பல்மருத்துவர் தீட்டினார்,
உதட்டை அண்ணனும் தம்பியும்,
நடுவில் ஒரு கோட்டுக்கு இருவரும் பேசாமல்.
துளையிட்டவன் அளவு நாடாவைத் தலைகீழாகப் பிடித்ததில்
இருபத்து மூன்றாவதாக ஒன்று
உதட்டோரம் விழுந்தது.
அடைக்க நினைத்தார்கள். காரை தீர்ந்திருந்தது.

என் சமையலறை அவளுடைய இடது கன்னம்.
பாத்திரத் தொட்டிக்கு நேர் பின்னே
அந்தத் தவறு.

முதல் வருடம் யாரும் வரவில்லை.
சிட்டுக்குருவிகள் மட்டும்
வலக்கண்ணுக்குக் கீழே மூன்று புள்ளிகளில் குடியேறி
வெள்ளையாய் வழியவிட்டன.
அழுகிறாள் என்று பேருந்தில் வருகிறவர்கள் சொன்னார்கள்.
கழுவலாமா, விடலாமா, மறுபடி கூட்டம்.
விடலாம் என்றது பதினொன்று, கழுவு என்றது ஒன்பது.
எந்தக் கணக்கில் என் கை இருந்தது என்பதை
நான் சொல்வதாயில்லை.

மறு மே மாதம்,
பணிமனையில் டிராமை விட்டுவிட்டு வந்து
தேநீர்க் கோப்பையைக் கழுவும்போது
சுவருக்குள் ஏதோ கீறியது.
குழாயை மூடினேன்.
காது வைத்தேன். கான்கிரீட் சில்லென்றது.
இன்னொரு கீறல்.

செருப்புக்கூட மாட்டாமல் இறங்கி ஓடினால்
கீழே, இரவு உடையில், இரெனேயுஷ்.
ஒரு வருடமாய் என் தூக்கத்தைக் கெடுத்த ஒலிபெருக்கியின் வயர்
அவர் கையில்.
"தினமும் நான்தான் போட்டேன்" என்றார்,
குற்றத்தை ஒப்புக்கொள்வதுபோல.
நான் பேச வாயெடுக்கும் முன்
அரிவாள் வளைவாய் ஒன்று எங்கள் தலைக்கு மேல் கிழித்துப் போய்
அவள் உதட்டோரத்தில் மறைந்தது,
சொல்ல வந்ததை
அவள் விழுங்கிக்கொண்டதுபோல.

இருபத்திரண்டு புள்ளிகளை அளந்து வைத்தோம்.
அது தவறிப்போன ஓட்டையைத் தேர்ந்தெடுத்தது.

வயரை அவர் சுருட்டினார்.
அன்றிலிருந்து சத்தம் இரட்டிப்பானது.

இப்போது ஜனவரி.
கூடு காலி. அவை எந்த நாட்டு வானத்தில்
பறந்தபடியே தூங்குகின்றனவோ.
சுவருக்குள் யாருமில்லை, தெரியும்.
பாத்திரம் கழுவும்போது
குழாயைப் பாதிதான் திறக்கிறேன்.